குறுந்தொட்டி

பேச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதைப் புரிந்துகொள்வதில்தான் கோளாறு. இதை மேலிடத்துக்குப் பலமுறை சொல்லியாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. "டாக்டர் ரெஜினா, அது உங்களைவிடக் குறைவாகத்தான் தவறு செய்கிறது" என்று ஒரே பதில். உண்மையாகவே இருக்கட்டும். நான் தவறு செய்தால் எனக்கு உறக்கம் வராது. பேச்சிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

பேச்சி என்பது எங்கள் கருக்காப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் கணினி. அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு, நாகர்கோவிலில் யாரும் அதைச் சொல்வதில்லை. கூடத்தில் வளரும் பிள்ளைகளைக் கண்கொட்டாமல் காப்பது அதன் வேலை என்பதால், பிள்ளைகளைக் காக்கும் பேச்சியம்மன் பெயரையே நர்ஸ்கள் அதற்கும் வைத்துவிட்டார்கள். ஓயாமல் பேசவும் செய்யும் என்பதால் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகள் வளர்வது தொட்டிகளில். சுமக்க முடியாத பெண்களுக்காகத்தான் இதை ஆரம்பித்தார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், அடுத்தடுத்துக் கலைந்துபோனவர்கள் என்று. இப்போது கோடை வெக்கைக்குப் பயந்து நலமாக இருப்பவர்களும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். முதல் ஐந்து மாதம் சின்னத் தொட்டி, பிறகு பெரியது. சென்னையில் யாரோ ஒரு தமிழ் அன்பர் அவற்றுக்குக் குறுந்தொட்டி, பெருந்தொட்டி என்று பெயர் சூட்டி அனுப்பினார். நல்ல பெயர்தான் என்று நாங்களும் மெச்சிக்கொண்டோம்.

அன்று காலை நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, பேச்சி ஆரம்பித்துவிட்டது.

"பகவதி தாணுலிங்கம் அவர்களின் குழந்தைக்கு இதயத் துடிப்பு மிகுதியாக உள்ளது. மூன்று வாரங்களாக, ஒவ்வொரு முறை தாய்ச்சாறு செலுத்திய பின்னரும் இப்படி ஆகிறது."

"சாறுல என்ன இருக்கு?"

"ஏதோ ஒரு தாவரத்தின் பொருள். எந்தத் தாவரம் என்று தெரியவில்லை. தாம் எந்த மருந்தும் உட்கொள்வதாகத் தாய் தெரிவிக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை முதல் பொதுச்சாற்றுக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாய்ச்சாறு என்பது ஒன்றும் மாயமில்லை. வெள்ளிதோறும் தாய் வந்து கை நீட்டுவாள். கொஞ்சம் இரத்தம் எடுத்து, வடிகட்டி, அதன் தெளிவை அவள் பிள்ளையின் தொட்டிக்குள் விடுவோம். நோய் எதிர்க்கும் வலு அதன் வழியாகப் பிள்ளைக்குப் போகும். பொதுச்சாறு என்பது யார் யாரோ கொடுத்த இரத்தத்தின் தெளிவு; ஒருமுறை அதற்கு மாற்றிவிட்டால் திரும்ப முடியாது. பிள்ளையின் உடம்பு அதற்குப் பழகிவிட்ட பிறகு தாயின் சாறு அதற்கு அந்நியம். பகவதிக்கும் பிள்ளைக்கும் நடுவில் உடம்பால் மிச்சமிருந்த ஒரே தொடர்பு அதுதான், அதைத்தான் பேச்சி வெட்டச் சொல்கிறது.

பகவதியை எனக்குப் பிடிக்கும். ஆரல்வாய்மொழியில் காற்றாலை பழுதுபார்க்கிறவள். நான் அண்ணாந்து பார்த்தாலே தலைசுற்றுகிற உயரத்தில் ஏறி நின்று வேலை செய்வாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனபின் எங்களிடம் வந்தாள். முதல் நாளே அவள் கேட்ட கேள்வி, "டாக்டர், தொட்டிப் பிள்ளைய அம்ம மாருல போட்டா மொகத்தத் திருப்பிக்கிடும்னு சொல்லுதாவளே, நெசமா?"

நெசம்தான். பால் சுரக்க ஊசி போட்டு, எல்லாம் தயார் செய்து வைப்போம். பிள்ளையோ தாயின் மார்பில் முகத்தை வைத்ததும் யாரோ எவரோ என்று திரும்பிக்கொள்ளும். புட்டியைக் காட்டினால் மடமடவென்று குடிக்கும். இத்தனை பிள்ளைகளை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறோம், ஒன்றுகூடத் தாயிடம் குடித்ததில்லை. அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அந்நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். பகவதியிடம் அதைச் சொல்லாமல், "ஒவ்வொரு பிள்ள ஒவ்வொரு மாதிரி" என்று மழுப்பி அனுப்பினேன்.

மதியம் பகவதி வந்தாள். கூடவே புருஷன் தாணு, பள்ளிக்கூட வாத்தியார். தாணுவின் அக்கா செந்தாமரையும் வந்திருந்தாள். சுசீந்திரத்தில் தையல் கடை வைத்திருப்பவள், பகவதிக்கு மைனி. மூன்று பேரும் என் மேசைக்கு முன்னால் கோர்ட்டில் நிற்பதுபோல நின்றார்கள்.

"உக்காருங்க. பகவதி, ஒளிக்காமச் சொல்லணும். என்ன மருந்து சாப்பிடுதே?"

"மருந்தா? ஒண்ணும் இல்லியே டாக்டர். குறுந்தொட்டி மட்டுந்தான்."

"தொட்டியப் பத்திக் கேக்கல பிள்ள. வாய் வழியா என்ன எடுக்கேன்னு கேக்கேன்."

"வாய் வழியாத்தான் சொல்லுதேன். குறுந்தொட்டி. மைனி வேரப் பாலுல காய்ச்சித் தாராவ."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. ஓடை வரப்பிலும் வேலியோரத்திலும் நிற்கும் செடி. சின்னதாய் மஞ்சள் பூ பூக்கும், பிடுங்கினால் வேர் லேசில் வராது. எங்கள் பக்கத்தில் உண்டாகியிருக்கும் பெண்ணுக்கு அந்த வேரைத் தட்டிப் பாலில் காய்ச்சிக் கொடுப்பார்கள். இடுப்புக்கு வலு, பேறுகாலம் லேசாகும் என்பார்கள். தொட்டியோடு தொட்டியாகவே கிடந்ததில் நானும் அந்தச் செடியை மறந்துபோயிருக்கிறேன்.

"நான் மாசாமாசம் சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள் பகவதி. "பேச்சி கேக்கும், என்ன உட்கொள்கிறீர்கள்னு. நான் குறுந்தொட்டின்னு சொல்லுவேன். நன்றின்னு சொல்லும்."

நான் பேச்சியைக் கூப்பிட்டேன். "பகவதி குறுந்தொட்டின்னு சொன்னத நீ என்னன்னு எடுத்துக்கிட்டே?"

"குழந்தை குறுந்தொட்டியில் இருப்பதைத் தாய் குறிப்பிட்டார். சரியான தகவல். குழந்தையைப் பெருந்தொட்டிக்கு மாற்றிய பிறகும் அவர் குறுந்தொட்டி என்றே சொல்லி வருகிறார். மனக்குழப்பம் இருக்கலாம் என்று கருதி ஆலோசகரைப் பார்க்கப் பரிந்துரைத்தேன்."

"ஓ, அதுக்குத்தான் அந்த அம்மா எங்கிட்ட வந்து, பயப்படாதீங்க, பிள்ள எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டாவளா!" பகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செந்தாமரையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பகவதி மேலேயே காட்டினேன்.

"பிள்ள உன் வயித்துல இல்ல. அங்க தொட்டியில கெடக்கு. நீ யாருக்காகக் கஷாயம் குடிக்கே?"

பகவதியின் சிரிப்பு நின்றது.

"டாக்டர், எனக்கு வளைகாப்புப் போட்டாவ. வந்தவ ஒருத்தியும் என் வயித்தப் பாக்கல, எல்லாரும் மொகத்தையே பாத்தாவ. அடுத்த வீட்டுப் பிள்ள உண்டானப்ப வாயும் வயிறுமா இருக்கான்னு சொன்னாவ. என்னைய யாரும் அப்படிச் சொல்லல. எப்படிச் சொல்லுவாவ? வயிறு இங்க இருக்கு, உங்க கூடத்துல. எனக்கு வாய் மட்டுந்தான் மிச்சம். அத வச்சு என்ன செய்ய முடியுமோ அதச் செய்யேன். வெள்ளிக்கிழம நீங்க எடுக்கது என் ரத்தந்தானே? நான் குடிச்சது அதுல கொஞ்சமாவது போவாதா?"

போகும். பெரிய பொருள்களை வடிகட்டி நிறுத்திவிடும், சின்னவை நழுவிப் போய்விடும். இந்தக் கணக்கை அவள் எங்களிடம் கேட்காமல் தானாகவே போட்டிருக்கிறாள். போனது நல்லதா கெட்டதா என்பதுதான் என் கவலை.

"போவுது, அதனாலதான் பிள்ளைக்கு நெஞ்சு பதறி அடிக்கி" என்றேன். சொன்ன பிறகு, இவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. பகவதியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

செந்தாமரைதான் பேசினாள். "டாக்டரம்மா, நான் வைத்தியக்காரி இல்ல. எங்க வீட்டுல குடுத்தாவ, குடிச்சேன். ரெண்டு பிள்ளைக்கும் குடிச்சேன். ஒண்ணு தங்குச்சு, ஒண்ணு தங்கல. தங்குனது இதாலயா, தங்காதது இதாலயான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்யாக்கும். அவ கேட்டா, தோண்டிக் குடுத்தேன்."

இவ்வளவு நேர்மையான மருத்துவ அறிக்கையை நான் எங்கள் மாநாடுகளில்கூடக் கேட்டதில்லை.

"எப்ப இருந்து குடுக்கீங்க?"

"தொடக்கத்துல இருந்தே."

"பதட்டம் மூணு வாரமாத்தானே இருக்கு. அப்பம் மூணு வாரத்துக்கு முன்னால என்ன மாறிச்சு?"

மூவரில் ஒருவர் தரையைப் பார்த்தார். தாணு. வாத்தியார்கள் மாட்டிக்கொண்டால் பிள்ளைகளைவிட மோசமாக முழிப்பார்கள்.

"ரோட்ட அகலப்படுத்துனதுல வேலியெல்லாம் போச்சு டாக்டர். அக்கா வேருக்கு அலையது பாக்கச் சங்கடமா இருந்துச்சு. ஆன்லைன்ல பொடி கெடச்சுது. வாங்கி அக்கா டப்பாவுல போட்டு வச்சேன். அதுலயும் குறுந்தொட்டின்னுதான் போட்டிருந்துது."

"ஏலே, நீ அரைச்சு வாங்கிட்டு வந்ததா சொன்னே!"

"அரைச்சதுதான் அக்கா. நான் அரைக்கல, அவ்வளவுதான்."

பொடியையும், செந்தாமரை வீட்டில் மிச்சமிருந்த வேரையும் வாங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். வியாழன் பிற்பகல் முடிவு வந்தது. இரண்டும் வேறு வேறு செடி. ஒரே குடும்பம், இலைகூடக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். பொடி எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊரில் அதற்கும் குறுந்தொட்டி என்றே பெயர். அதில் இதயத்தை விரட்டும் சரக்கு இருந்தது. செந்தாமரையின் வேரில் அது இல்லை. ஒரு பெயர், மூன்று பொருள்கள். மனிதர்கள் இரண்டைக் குழப்பிக்கொண்டார்கள், கணினி மூன்றாவதைக் குழப்பிக்கொண்டது.

பேச்சியிடம், "காரணம் ஒரு கடைப் பொடி. நிறுத்தியாச்சு" என்றேன். மறுபடி குழப்ப வேண்டாமே என்று செடியின் பெயரைச் சொல்லவில்லை.

"பொருளின் தடயம் தாயின் இரத்தத்தில் இன்னும் இருக்கலாம். விதிப்படி நாளை பொதுச்சாற்றுக்கு மாற்ற வேண்டும்."

"ஒரு வெள்ளிக்கிழமையத் தள்ளிப்போடு. ஒண்ணும் விடவேண்டாம், அந்தச் சாறும் வேண்டாம், இந்தச் சாறும் வேண்டாம். அடுத்த வாரம் அவ ரத்தம் தெளிஞ்சிருக்கும். அப்ப அவ சாறையே விடுவோம்."

"விதியில் இதற்கு இடமில்லை. பொறுப்பு யாருடையது?"

"என்னுடையது."

தைரியமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றேன். உள்ளே கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. எதிர்ப்பு வலு இல்லாமல் ஒரு வாரம். இந்த வாரத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், பகவதிக்கு இது மூன்றாவது. நான் சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவள் அல்ல. அந்த வாரம் போனேன்.

ஒன்றும் ஆகவில்லை. துடிப்பு மெல்ல இறங்கிப் பழைய நிலைக்கு வந்தது. அடுத்த வெள்ளி பகவதி கை நீட்டியபோது கேட்டாள், "பொடிய நிறுத்திட்டேன். வேர் குடிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்வதுதான் எனக்குச் சுலபம். பாடப் புத்தகம் என் பக்கம் நிற்கும், மேலிடமும் நிற்கும். அந்த வேர் நல்லது செய்யும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நாங்கள் சோதித்த வரையில் கெடுதல் எதுவும் அதில் தென்படவில்லை. இத்தனை மாதம் குடித்ததில் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கோ செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

"கொஞ்சமா. மைனி கையால தோண்டுனது மட்டும். வாராவாரம் முதல்ல எங்கிட்ட ஒரு துண்டு வரணும், ரத்தத்தையும் பாப்பேன். துளி மாற்றம் தெரிஞ்சாலும் அன்னைக்கே நிறுத்திரணும். உன் இஷ்டத்துக்கு விடமாட்டேன், கேட்டியா?"

"சரி டாக்டர்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினாள். செந்தாமரை தையல் கடையைச் சாயங்காலம் மட்டும் திறந்துகொண்டு, காலையில் பஸ் ஏறிக் கடுக்கரைப் பக்கம் போய் வேர் தோண்டினாள். வெள்ளிதோறும் என் மேசையில் மண் ஒட்டிய ஒரு துண்டு வேர் காத்திருக்கும்.

தொட்டி திறக்கும் நாள் வந்தது. ஆடி மாதச் சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை வெளியே எடுத்ததும் வீறிட்டு அழுதது, நல்ல கனத்த குரல். துடைத்து, பேச்சியின் காது எட்டாத பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்ப் பகவதியின் மார்பில் போட்டோம். நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பகவதி மறு பக்கம் மாற்றிப் போட்டாள். திரும்பவும் அதே. அழுகை ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் புட்டியை எடுத்துவிட்டாள். எனக்குப் பகவதியைப் பார்க்கத் தைரியம் இல்லை. காற்றாலை உச்சியில் கால் நடுங்காதவள், "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று நடுங்கிக்கொண்டே சொன்னாள்.

"இந்தா, நாக்கு வறண்டு போச்சு பாரு, முதல்ல குடி" என்று செந்தாமரை பிளாஸ்கைத் திறந்து கஷாயத்தை ஊற்றிக் கொடுத்தாள். பகவதி ஒரே மடக்கில் குடித்தாள். குனிந்து பிள்ளையின் நெற்றியில் முத்தம் வைத்தாள். அவள் மூச்சு பிள்ளையின் முகத்தில் பட்டது.

அழுகை நின்றது. பிள்ளை மூக்கைச் சுருக்கியது. தலையை இப்படியும் அப்படியும் அசைத்து அம்மாவின் வாயைத் தேடியது. கண் இன்னும் திறக்கவில்லை. "இங்கதான் மக்ளே, இங்கதான்" என்று பகவதி அதன் காதருகே சொல்லிச்சொல்லி, மெல்லக் கீழே இறக்கி மார்பில் சேர்த்தாள். வேர்க் கஷாயத்தை மாதக் கணக்கில் குடித்தவளின் பாலிலும் அந்த வாசம் ஏறியிருக்க வேண்டும். இந்தமுறை பிள்ளை திரும்பவில்லை. பிடித்துக்கொண்டது. சப்புகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

நர்ஸ் புட்டியைப் பிடித்த கையோடு அழுதாள். தாணு சுவரைப் பார்த்து நின்று அழுதான். நானும் அழுதேன், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே.

"எப்படி டாக்டரம்மா?" என்றாள் செந்தாமரை.

"பிள்ள தொட்டித் தண்ணியக் குடிச்சுத்தானே வளருது. வெள்ளிக்கு வெள்ளி இவ சாறோட அந்த மணமும் ருசியும் உள்ள போயிருக்கு. அதுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு அந்த வாசந்தான். வெளியில வந்து யாருன்னு தெரியாம அழுதிருக்கு. இப்பம் தெரிஞ்சிட்டு."

"அப்பம் என் வாய்க்கு வேல இருந்திருக்கு" என்றாள் பகவதி, பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். பேச்சி காத்திருந்தது.

"தொட்டிக் குழந்தை ஒன்று தாய்ப்பால் குடிப்பது இதுவே முதல் முறை. தலைமையகம் காரணத்தைக் கேட்கிறது. தெரிந்தால் எல்லாத் தொட்டிகளுக்கும் அதையே செய்யலாம்."

எல்லாத் தொட்டிகளுக்கும் அதையே. நான்கு வருஷத்துக்கு முன்பு வெள்ளமடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தன் பிள்ளையின் தொட்டியருகே உட்கார்ந்து தாலாட்டுப் பாடுவாள். அந்தப் பிள்ளை நன்றாக எடை போட்டது. தலைமையகத்துக்கு விஷயம் போயிற்று. அவள் குரலைப் பதிவு செய்து எல்லாத் தொட்டிகளுக்கும் போட்டார்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போனாலும் அந்தக் குரலைப் போட்டால்தான் உறங்குகின்றன. பெற்றவள் பாடினால் இது யார் என்று முழிக்கின்றன. எத்தனையோ வீடுகளில் முகம் தெரியாத ஒருத்தி பாடிக்கொண்டிருக்க, பெற்றவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த வேரைச் சொன்னால் அடுத்த மாதமே அதன் வாசத்தை ஆலையில் செய்து பீப்பாயில் அனுப்புவார்கள். ராமநாதபுரத்துப் பிள்ளையும் சேலத்துப் பிள்ளையும் அந்த வாசத்தைத் தேடி அழும். அவர்கள் அம்மாக்களோ அந்தச் செடியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறைப்பது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அன்று நான் பொய் சொல்லவில்லை.

"காரணம், குறுந்தொட்டி" என்றேன்.

பேச்சி சற்று யோசித்தது. "இக்குழந்தையும் மற்றவர்களைப் போல ஐந்து மாதங்களே குறுந்தொட்டியில் இருந்தது. வேறுபாடு எதுவும் இல்லை."

"நான் சொன்னத அப்படியே போடு."

"பதிவு செய்தேன். நன்றி."

சென்னையிலிருந்து பாராட்டு வந்தது, குறுந்தொட்டியை வடிவமைத்த குழுவுக்கு. பெயர் வைத்த அந்தத் தமிழ் அன்பருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள் என்று கேள்வி.

நான் கூடத்துக்கு வெளியே போனேன். அங்கே பெஞ்சில் அடுத்த தொட்டியின் தாய் இரத்தம் கொடுக்கக் காத்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பேச்சியின் காது எட்டாத வராந்தா அது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மக்ளே, வீட்டுல உனக்கு என்ன காய்ச்சித் தாராவ?"

அவள் திருட்டுப் பிள்ளைபோல இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து, "சதகுப்பைக் கஷாயம்" என்றாள். அவள் மூச்சிலேயே அது மணத்தது.

"வெள்ளிக்கிழம வரும்போது எனக்கும் கொஞ்சம் எடுத்துட்டு வா" என்றேன். "முதல்ல அது என்ன செடின்னு நான் பாக்கணும்."